முப்பது மயிர்

வாலின் நுனியிலிருந்து முப்பது மயிர்.
வெட்டக் கூடாது, பிடுங்க வேண்டும்;
வேர் வெள்ளையாய் ஒட்டிக்கொண்டு வர வேண்டும்.
எர்லண்ட் கூண்டுக் கதவைத் தோளால் அழுத்திப் பிடிக்க
நான் விரலில் சுற்றி இழுத்தேன்.
உதை கதவுக்கு, வசவு எனக்கு.
ரௌசே தீவில் மரம் இல்லை,
காற்றுக்கு எங்களை விட்டால் ஆள் இல்லை.
குனிந்து, என் உடம்பையே சுவராக்கி
ஒவ்வோர் உறையாக ஒட்டினேன்.
பதினேழு காளைக் கன்றுகள். வெள்ளிக்கிழமைப் படகு.

இருநூற்றுப் பதினான்கை
எர்லண்ட் எப்போதோ தேர்ந்துவிட்டான்.
மேசை வைக்கலாம் போன்ற முதுகு.
அது நடந்தால் புல்வெளிக்கே ஒரு மரியாதை வரும்.
ஆகஸ்ட் கண்காட்சிக்காக ஷாம்பூ வாங்கி வந்து தேய்த்தான்.
தன் தலைக்கு என் தம்பி
அத்தனை நுரை கண்டதில்லை.

ஆறு வாரம் கழித்து எண்கள் வந்தன.
கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.
இருநூற்றுப் பதினான்கு:
எடை நன்று, கறியில் கொழுப்பிழை நன்று,
ஈற்று எளிமை, கடைசிக்கு முந்தைய இடம்.
எளிமையில் முதலிடம் இருநூற்று முப்பத்தொன்று.
அது எது என்று இருவருக்கும் நினைவில்லை.
போய்ப் பார்த்தோம்.
கற்சுவரின் ஓரம், ஒரு காது மடிந்து,
கடன் கேட்க வந்து வாய் வராமல் நிற்பவன் மாதிரி
நின்றது.

"மயிரைப் பார்த்துச் சோசியம்" என்றான்.

மயிரில் ஐம்பதாயிரம் இடங்களைப் படிக்கிறார்கள்.
படிக்கச் சொல்லிக்கொடுத்தவை எல்லாம் மாடுகளே:
கொக்கியில் தொங்கியவை,
விலாவுக்கிடையே அளவெடுக்கப்பட்டவை,
எந்த நள்ளிரவில் எந்தப் பசுவுக்கு
எத்தனை பேர் கயிறு பிடித்தார்கள் என்று
யாரோ ஈரக் கையால் குறித்து வைத்தவை.
நானும் ஒன்று அனுப்பியிருக்கிறேன்.
மார்ச். பசு எண்பத்தெட்டு. தலையீற்று.
தாயும் போயிற்று, கன்றும் போயிற்று.
படிவத்தில் அதற்கு ஓர் இலக்கம் போதும்: ஐந்து.
அந்த ஐந்து கடல் தாண்டிப் போய்
ஆயிரம் ஐந்துகளோடு சேர்ந்து
இப்போது திரும்பி வந்து
இந்த அழகனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

கீழே பொடி எழுத்தில்,
நம்பகம் நூற்றுக்கு நாற்பத்தெட்டு.
"பாதிகூட இல்லை" என்றான் எர்லண்ட்.
பாதிகூட இல்லைதான்.
உன் கண்ணுக்கு எத்தனை என்று நான் கேட்கவில்லை.
எண்பத்தெட்டுக்கு விட்ட பொலிகாளை
என் கண் பார்த்துத் தேர்ந்தது.

கிர்க்வால் சந்தையில் நல்ல விலை.
அவன் வரவில்லை.
ஷாம்பூ பாட்டிலில் பாதி இன்னும் கிடக்கிறது.

பிறகு ஓர் ஏப்ரல்.
மடிந்த காதுக்காரனின் சினையோடு
பத்தொன்பது தலையீற்றுக் கிடேரிகள்.
விளக்கும் தேநீருமாக விழித்திருந்தோம்.
ஒன்றும் நடக்கவில்லை.
தேநீர் ஊற்றத் திரும்பினால் கன்று கிடந்தது.
தூங்கிவிட்டு வந்தால் எழுந்து நின்றது.
ஆணியில் கயிறு
உலர்ந்து விறைத்தது.
நடக்காத ஒன்றுக்கு எப்படி நன்றி சொல்வது?
யாரிடம்?

பதினெட்டு அப்படி.
பத்தொன்பதாவதில் பின்னங்கால் முதலில் வந்தது.
எர்லண்ட் சட்டையைக் கழற்றினான்.
முழங்கை தாண்டி, தோள் வரை,
முகத்தை அவள் தொடையில் சாய்த்து, கண்ணை மூடி,
உள்ளே எதையோ தேடிக்கொண்டே இருந்தான்.
நான் கயிறு பிடித்தேன்.
விடியும் நேரம், உயிரோடு, வழுக்கிக்கொண்டு
எங்கள் இருவர் மேலும் விழுந்தது.

வாளியில் கயிற்றைக் கழுவியபடி,
"இது அந்த மிச்ச ஐம்பத்திரண்டு" என்றான்.
சிரித்தானா என்று தெரியவில்லை.
கண்ணில் நீர்; இங்கே காற்றுக்கு அது வழக்கம்.

படிவத்தில் எழுதினேன்:
தந்தை, இருநூற்று முப்பத்தொன்று.
ஈற்று, மூன்று. உதவியுடன்.
அவன் கண்ணை மூடிக்கொண்டதற்கு
அதில் கட்டம் இல்லை.
வெள்ளிக்கிழமைப் படகில் போட்டேன்.